பழைய வண்டி, புதிய கை

டெல்லி கரோல் பாகில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் கடைகளில் எந்த வண்டியும் பழையதாகத் தெரிவதில்லை. பெட்ரோல் டாங்க் மினுமினுக்கும். சீட்டுக்குப் புது உறை, டயரின் பக்கவாட்டில் கறுப்புப் பாலிஷ். 'ஒரே கை, பேங்க் மேனேஜர் ஓட்டியது' என்கிற ரகத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகம் சொல்லப்படும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய இளைஞர். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர். பையில் இருப்பது ஐந்தாறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. பஸ் போகாத இடத்தில் இருக்கும் கிடங்கு, நள்ளிரவில் முடியும் ஷிப்ட், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு சேர்க்கும் வேலை என்று அவரது பிழைப்பே இந்த இரண்டு சக்கரங்களை நம்பித்தான் இருக்கிறது.

நாடு முழுவதும் கதை இதுதான். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தது. கார் வைத்திருந்தவை நூற்றுக்கு எட்டுக் குடும்பங்கள்தான். பதிவான வாகனங்களில் சுமார் முக்கால் பங்கு இருசக்கர வாகனங்கள். பலருக்கும் குடும்பத்தின் முதல் வாகனம், இன்னொருவர் ஓட்டிக் கைமாற்றிய வண்டிதான். புது வண்டி வாங்குபவருக்கு ஷோரூமில் பூமாலையும் சாவியும் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குபவருக்குச் சாவி மட்டுமே கிடைக்கிறது. மற்றதையெல்லாம் அவரேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்களின் பயமெல்லாம் இஞ்சின் மீதே இருக்கிறது. அந்தப் பயம் தேவையற்றதல்ல. ஆனால் இஞ்சினைச் சோதிப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. விலை பேசுவதற்கு முன்னால் இஞ்சின் பக்கம் கையைக் கொண்டு போனாலே ஒரு விஷயம் தெரிந்துவிடும். அது சூடாக இருந்தால், யாரோ ஏற்கனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை மறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆறிய இஞ்சினைக் கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்டிரோக் வண்டியில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். யமஹா ஆர்எக்ஸ்100 மாதிரியான பழைய இரண்டு ஸ்டிரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் கொஞ்சம் புகை சகஜம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாதவர்கள் ரப்பரை நம்பலாம். மீட்டரில் 15,000 கி.மீ. என்று இருந்து, பிரேக் பெடலும் கால் வைக்கும் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. பார்வைக்குப் பட்டன் நன்றாக இருந்தாலும் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற டயரின் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது. இருசக்கர வாகன டயரின் பட்டன் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ஹேண்டிலை நேராகப் பிடித்து மெதுவாக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், எங்கோ மோதி நிமிர்த்தப்பட்ட வண்டியாக இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவது உத்தமம்.

உண்மையான வில்லங்கம் சீட்டுக்கு மேலே இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பழைய வண்டிச் சந்தையில் பரவலான வழக்கம் ஒன்று உண்டு. முதல் சொந்தக்காரர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடங்களைக் காலியாக விட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதங்கள் வண்டியோடு சேர்ந்து கைமாறிக்கொண்டே போகும். மூன்றாவதாக வாங்கியவர் ஓட்டும்போதும் ஆர்.சி.யில் இருப்பது முதல் ஆளின் பெயர்தான். பெயர் மாற்றும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம், ஏதாவது நடக்கும் வரை.

நடந்தால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நவீன்குமார் - விஜய்குமார் வழக்கில் வாகனம் 2007ல் விற்கப்பட்டுப் பல கை மாறியிருந்தது; 2009ல் விபத்து. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதிலுள்ள நியாயம். விற்றவருக்கு இது எச்சரிக்கை என்றால் வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. பெயர் மாறாத வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் பணம் கேட்க அவருக்கு உரிமையில்லாமல் போகலாம். போலீஸ் நிறுத்தினால் வண்டி தன்னுடையது என்று காட்ட அவரிடம் சாவியைத் தவிர எதுவும் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு இதற்குக் கெடு வைத்திருக்கிறது. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் வேண்டும், படிவம் 28 இதற்குத்தான். வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்ததாக அந்த நிறுவனம் தரும் கடிதமும் படிவம் 35ம் இல்லாமல் அது நீங்காது. சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். கட்டாத அபராதங்கள் பாக்கி இருக்கிறதா என்பதை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். பழைய வாகனம் விற்கும் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது.

தலைநகரில் வாங்குபவர் வண்டியின் வயதையும் பார்க்க வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்கு நீண்டது, 2025ல் கூட நீதிமன்றம் அதைக் கையிலெடுத்தது. பதினான்கு வயதான வண்டி மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதில் இருக்கலாம். இன்சூரன்ஸ் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் மாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு புதியவருக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும். ஆனால் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியிலும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்பனையான புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டுமா, சொந்த வண்டிக்கும் சேர்த்தா என்று கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுகிறவர்கள் முதல் மாதமே மாட்டிக்கொள்கிறார்கள். பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைப்பது நல்லது. வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஆயிலை மாற்றுவது. முன்பு எப்போது மாற்றினார்கள் என்ற கேள்விக்கு விற்றவர் என்ன பதில் சொல்லியிருந்தாலும் சரி. 100 சிசி வண்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆயில் பிடிக்கும். இஞ்சினின் ஆயுளை நீட்டிக்க இதைவிடக் குறைந்த செலவில் எதுவும் செய்ய முடியாது. வடித்த ஆயிலில் பளபளவென்று உலோகத் துகள் மிதந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பிறகு ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது பில்டர் அடைத்திருக்கிறது.

செயின்தான் எல்லோரும் மறக்கும் சமாசாரம். அது ரொம்பத் தளர்ந்தால் கழன்று சக்கரத்தில் சிக்கும். ரொம்ப இறுகினால் பேரிங்கைத் தின்னும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலான சிறு வண்டிகளில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டால் கம்பெனி இணையதளத்திலேயே இப்போது கிடைக்கிறது. டயரின் காற்றழுத்தமும் அதில்தான் இருக்கிறது. பங்க்கில் காற்றடிக்கும் பையனின் கைக்கணக்கு அதற்கு ஈடாகாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு தயாரான பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பழைய கார்புரேட்டர் இல்லை, இஞ்செக்ஷன்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் சோக், பெட்ரோல் காக், ரிசர்வ் இவற்றோடு பழக வேண்டும். ரிசர்வில் திருப்பியதை மறந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டுகிறவர், அடுத்த முறை திருப்ப இடமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். இந்தப் பாடத்தை யாரும் இரண்டு தடவை படிப்பதில்லை.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். வடக்கே 'உஸ்தாத்' என்று மரியாதையாக அழைக்கப்படும் தெருவோர மெக்கானிக்குகள் பலர் படித்துத் தொழிலுக்கு வந்தவர்களல்ல. பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வந்தவர்கள். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் திறமை அவர்களிடம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுப்பவர் நம்பத் தகுந்தவர். கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு அங்கே வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், டயர் மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட இந்த மூன்றும் பழைய விலைக்கு வாங்கத் தக்கவை அல்ல.

இவ்வளவும் செய்த பிறகு ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கப்படுகிறது என்பது இந்தியாவின் விசித்திரம். ஞாயிற்றுக்கிழமை காலை, காலி மைதானம், பின்னால் உட்கார்ந்து 'கிளட்சை விடு, விடு' என்று கத்தும் நண்பர். மூன்று தடவை ஆப் ஆகி, நான்காவது தடவை வண்டி துள்ளிக் கிளம்பினால் ஓட்டத் தெரிந்துவிட்டதாகப் பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெருவுக்கு ஒரு பள்ளி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஆசிரியர் அண்ணனோ நண்பனோதான். சைக்கிள் தெரிந்தவனுக்கு இது தானாக வரும் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி உண்மை. பேலன்ஸ் தானாக வரும், மற்றது வராது. 100 சிசி வண்டியே சுமார் 110 கிலோ எடை. இஞ்சினை அணைத்துவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு நடப்பது, திருப்புவது, ஸ்டாண்டு போடுவது என்றுதான் முதல் நாள் தொடங்க வேண்டும். எடை எந்தப் பக்கம் சாய்ந்தால் தாங்க முடியாது என்பதை உடம்பு அப்போதுதான் புரிந்துகொள்ளும். அடுத்தது கிளட்ச். முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல மெல்ல விட்டால் ஓர் இடத்தில் வண்டி நகர எத்தனிக்கும். விரலுக்கு அந்த இடம் தெரியும் வரை இரண்டு காலும் தரையைத் தொட்டபடியே போய்ப் போய் நிற்க வேண்டும். கியர் போடும் முறை வண்டிக்கு வண்டி மாறும் என்பதையும் புதியவர் கவனிக்க வேண்டும். பல 100 சிசி வண்டிகளில் எல்லா கியரும் கீழ்நோக்கி. பெரும்பாலான 150 சிசி வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் போய்விடும். ஒரு வண்டியில் பழகிய கால் இன்னொரு வண்டியில் அவசரத்துக்குத் தப்பான இடத்தை மிதிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மூடநம்பிக்கை முன் பிரேக்கைப் பற்றியது. 'முன் பிரேக் பிடித்தால் கவிழ்த்துவிடும்' என்று சொல்லித்தான் பெரும்பாலோர் கற்றுக்கொடுக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயரின் பிடிப்பு குறைகிறது. எனவே நிறுத்தும் சக்தியில் பாதிக்கு மேல் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் அதிக தூரம் ஓடித்தான் நிற்பார். பலமாக மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, அதைப் படக்கென்று பிடிக்கும் பதற்றம். ஹேண்டில் நேராக இருக்கும்போது எலுமிச்சை பிழிவது போல முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தமாகவும் பிடித்து, கூடவே பின் பிரேக்கையும் மிதித்தால் வண்டி அடக்கமாக நிற்கும். மணலிலும் வளைவிலும் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே பிரேக் பிடிக்கும் வேலையை முன்பே முடித்துவிட வேண்டும்.

பழைய வண்டிக்காரருக்கு இந்தப் பாடம் இன்னும் முக்கியம். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து இயங்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மலிவு வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டும் கிடையாது. புது வண்டியில் கருவி செய்வதைப் பழைய வண்டியில் விரல்தான் செய்ய வேண்டும். கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, கண் ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம், 40 கி.மீ. வேகத்தில் ஆவதைப் போல இரண்டே கால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பழகிய தூரம் மறுபடியும் மாறும்.

உரிமம் தருவதற்கு முன் ஆர்.டி.ஓ. பார்ப்பது பெரும்பாலும் 'எட்டு'. காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் போதும். மெதுவாக ஓட்டும் திறமைக்கு அது நல்ல பரீட்சைதான். ஆனால் லாரியின் பின்னால் மழையில் திடீரென்று நிறுத்துவதற்கு எட்டில் இடமில்லை. பழகுனர் உரிமத்துக்கும் பரீட்சைக்கும் நடுவே குறைந்தது 30 நாட்கள் இருக்க வேண்டும் என்ற விதியின் நோக்கம் இந்த இடைவெளியில் பழக வேண்டும் என்பதே. கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் அப்போது பின்னால் ஏற்றக் கூடாது. மகன் பதினெட்டு ஆகும் முன்பே வண்டியை எடுத்துப் போவதைப் பெருமையாக நினைக்கும் தந்தைகளுக்கு 2019 திருத்தம் பதில் வைத்திருக்கிறது: விபத்து என்றில்லை, சட்டத்தை மீறிய குற்றத்துக்கே பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் இதெல்லாம் வெறும் உபதேசமல்ல என்பது விளங்கும். அந்த வருடம் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம், அதாவது சுமார் 75,000 பேர், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மனைவியாகவோ தம்பியாகவோ நண்பனாகவோ நம்பி ஏறியவர்கள்.

ஆகவே வண்டிக்கு விலை பேசும்போதே இரண்டு ஹெல்மெட்டின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பிகளல்ல. 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். கட்டும் வாரை மாட்டாத ஹெல்மெட் மோதிய மறுகணமே தலையைவிட்டுப் போய்விடும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய சின்ன விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், செயின் இறுக்கிய நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைப்பது. இரண்டு மூன்று வருடம் கழித்து இந்த வண்டியும் இன்னொரு இளைஞரிடம் போகும். அவருக்கு பேங்க் மேனேஜர் கதை தேவைப்படாது. நோட்டையும், பெயர் மாற்றிய ஆர்.சி.யையும் கையில் கொடுத்தால் போதும்.